துப்பாக்கிக்கு எந்தப் பெட்டி? தீ தாங்குவதா, திருடனைத் தாங்குவதா?

அமெரிக்காவில் ‘கன் சேஃப்’ என்று ஆளுயரப் பெட்டி விற்கிறார்கள். இருபது முப்பது துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி வைக்கலாம். ஆவடியில் ஒருவர் அதை வாங்கினால் மிச்ச இடத்தில் பட்டுப்புடவைதான் அடுக்க வேண்டியிருக்கும்! இந்தியாவில் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை, 2019 டிசம்பரில் வந்த ஆயுதச் சட்டத் திருத்தம் இரண்டாகக் குறைத்துவிட்டது. (துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தனிக் கணக்கு.)

இரண்டுதான் என்றாலும், வைத்திருப்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள். டாங்கித் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று ஆவடியே ஒரு சீருடை ஊர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, சொந்த லைசன்ஸில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கி, பேங்க் வாசலிலோ பணம் கொண்டுபோகும் வண்டியிலோ காவல் வேலை பார்ப்பது இந்தியா முழுக்க உள்ள வழக்கம். டியூட்டி முடிந்தால் துப்பாக்கியும் வீட்டுக்கு வரும். அதை எங்கே வைப்பது? பரண் மேலா, கட்டிலுக்கு அடியிலா, பீரோவில் புடவைக்குப் பின்னாலா?

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பது சுலபம். பெட்டி வாங்கப் போகும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ‘ஃபயர் ப்ரூஃப்’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்ததும், தீயையே தாங்குகிறது, திருடனைத் தாங்காதா என்று மனசு கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்குதான் தப்பு.

தீ தாங்கும் பெட்டி வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஜிப்சம் மாதிரியான ஒரு பொருளை நிரப்பியிருப்பார்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்! சூடு ஏறும்போது அது ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால் வெளியே எரிந்தாலும் உள்ளே சூடு மெதுவாகத்தான் ஏறும். காகிதத்துக்கான தரச்சான்றில், உள்ளே 177 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. ஒரு மணி நேரப் பெட்டி, இரண்டு மணி நேரப் பெட்டி என்று சொல்வதெல்லாம் இந்த எல்லைக்குள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான். 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் ரோட்டில் சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்து, ஒரு பகுதி சரிந்தே விழுந்தபோது, உள்ளே இருந்த நகைப் பெட்டகங்களைப் பிறகு இடிபாட்டுக்குள் இருந்து மீட்டு எடுத்தார்கள். நல்ல பெட்டகம் என்றால் அது. ஆனால் அது நகைக்கடைப் பெட்டகம். ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு வரும் டப்பாவை அதோடு ஒப்பிடக்கூடாது.

பத்திரமும் பட்டாவும் மார்க் ஷீட்டும் கருகினால் அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. அவற்றுக்குத் தீ தாங்கும் பெட்டி அவசியம். துப்பாக்கி எரிந்தால்? கட்டை கருகும், ஸ்பிரிங் தளர்ந்துபோகும், பிறகு அதைச் சுட நம்ப முடியாது. நஷ்டம்தான், ஆனால் பண நஷ்டம். அதே துப்பாக்கி திருடுபோனால் போலீசுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும், விசாரணைக்கு நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அது யார் கைக்குப் போய் யார் மீது திரும்பும் என்று தெரியாது. முதல் கவலை எதைப் பற்றி இருக்க வேண்டும்?

தோட்டா விஷயம் வேறு. அதில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து 170 டிகிரி வாக்கிலேயே பற்றிக்கொள்ளக்கூடியது. ஆகவே காகிதத்தைக் காப்பாற்றும் பெட்டி தோட்டாவையும் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. தனியாகக் கிடக்கும் தோட்டா தீயில் வெடித்தால் உறை கிழிந்து சிதறும், குண்டு அதிக வேகத்தில் பாயாது. ஆனால் குழலுக்குள் போட்டு வைத்த தோட்டா சூட்டில் வெடித்தால், சுட்ட மாதிரியேதான். தீயணைக்க வருகிறவருக்கு அது தெரியுமா? தோட்டாவைக் கழற்றித் தனிப் பெட்டியில் பூட்ட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு தொல்லை துரு. அந்த ஜிப்சத்தின் ஈரம் பெட்டிக்குள்ளும் கொஞ்சம் கசியலாம். சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். காகிதத்துக்கு நல்லது செய்கிற பெட்டி இரும்புக்குக் கெடுதல் செய்கிறது! சிலிக்கா ஜெல் போட்டு, எண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைக்காவிட்டால் மழைக்காலம் முடிவதற்குள் குழலில் புள்ளி புள்ளியாகத் துரு விழும்.

சரி, திருடனுக்கு எது? தெருமுனைப் பட்டறையில் செய்த பீரோவின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு கடப்பாரை போதும். நம்பர் அமுக்கும் சின்னப் பெட்டி பத்துப் பதினைந்து கிலோதான். உடைக்கக்கூட வேண்டாம், பைக்கில் வைத்துக்கொண்டு போய்விடலாம். கனமான தகடு, மூன்று பக்கமும் நீளும் தாழ்கள், திருட்டு எதிர்ப்புப் பெட்டகங்களுக்கான ஐ.எஸ். 550 தரம் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதும் கான்கிரீட்டில் துளை போட்டு ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். வாடகை வீடு, ஓனர் சுவரில் ஆணியே அடிக்க விடமாட்டார் என்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். அளவும் முக்கியம். இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கழற்றினாலும் குழல் மட்டுமே ஏறக்குறைய 30 அங்குலம். பீரோவின் உள் லாக்கரில் சாய்த்து வைத்தாலும் நுழையாது.

கொரட்டூர், அம்பத்தூர், பட்டாபிராம் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மறந்திருக்காது. தரையில் வைத்த பெட்டிக்குள் தண்ணீர் போனால் எல்லாம் வீண். இரண்டடி மேடை கட்டி அதன்மேல் போல்ட் போடுவது புத்திசாலித்தனம்.

‘இத்தனை பூட்டுப் போட்டால், திருடன் வரும்போது எடுத்துச் சுட முடியுமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வீடு புகுந்து திருடுகிறவன் தேடுவது பூட்டிய வீட்டை. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருக்கும்போது அவன் வந்தால், துப்பாக்கி வீட்டைக் காப்பாற்றாது, அவனோடு கிளம்பிப் போகும். (ஊருக்குப் போகிறவர்கள் லைசன்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைத்துவிட்டுப் போக வழி இருக்கிறது.)

யாரும் வாயைத் திறந்து சொல்லாத ஒன்று உண்டு. பெட்டி முதலில் தடுக்க வேண்டியது வீட்டு ஆளைத்தான். பரீட்சையில் தோற்ற பையன், குடித்துவிட்டுச் சண்டை போடும் தம்பி, விளையாட்டாக எடுத்துப் பார்க்கும் குழந்தை. 2005-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு ஒன்று, துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, தோட்டா இல்லாமல் வைப்பது, தோட்டாவைப் பூட்டி வைப்பது, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பது, இந்த நான்கில் ஒவ்வொன்றும் பிள்ளைகளின் தற்கொலையும் விபத்தும் குறைவாக இருப்பதோடு சேர்ந்தே வருகிறது என்று காட்டியது. ஆனால் சாவி எங்கே இருக்கிறது? பூஜை அறையில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால்! நம்பர் பூட்டு என்றால் பிறந்த வருஷம்! வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சாவிக்கு எத்தனை மில்லிமீட்டர் தகடு இருந்து என்ன பயன்?

ஆக, ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் திணிப்பதை விட்டு, காகிதத்துக்குச் சின்னதாகத் தீ தாங்கும் பெட்டி ஒன்று, துப்பாக்கிக்குச் சுவரோடு இறுகிய கனமான பெட்டி ஒன்று என்று பிரித்துவிடலாம். தேர்தல் அறிவித்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது இரண்டாவது பெட்டிக்கு லீவு. ஸ்டேஷனில் கொடுக்கும் ரசீது முதல் பெட்டிக்குள் போக வேண்டும்.