சித்திரமும் சாட்சியும்

மனிதன் எழுத்தறிவதற்கு முன்னரே சித்திரம் எழுதக் கற்றான் என்பதற்கு, மலைக்குகைகளில் ஆதி மாந்தர் தீட்டிவைத்த விலங்குருவங்களே சான்றாம். நம் தமிழிலும் எழுதுதல் என்னும் சொல் எழுத்தைப் பொறித்தற்கும் ஓவியந் தீட்டுதற்கும் பொதுவாய் வழங்கிவருதல் நோக்கற்பாலது. இவ்விரு தொழில்களையும் நெடுங்காலமாக மனிதனது கையே செய்துவந்தது. இந்நாளிலோ, சில சொற்களைக் கொடுத்த அளவில், நொடிப்பொழுதில் வண்ணப் படமொன்றை ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள் எங்கும் பரவிவிட்டன. ஆதலின், கையால் வரையும் சித்திரத்திற்கு இனி வேலையுண்டோ என்னும் வினா எழுந்துள்ளது. கல்லூரியொன்றில் கற்போரும் கற்பிப்போரும் இவ்வினாவிற்கு என்ன விடை கூறத்தகும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலப் பொருட்காட்சியில் 2022-ஆம் ஆண்டு நிகழ்ந்த போட்டியில், ஜேசன் ஆலன் என்பார் மிட்ஜர்னி என்னுங் கருவியைக் கொண்டு ஆக்கிய படமொன்று கணினிக்கலைப் பிரிவில் முதற்பரிசு பெற்றது. சித்திரக்காரர் பலர் வெகுண்டனர். அவரோ, தாம் அறுநூறு முறைக்கு மேற் சொற்களை மாற்றி மாற்றிக் கொடுத்து முயன்றதாக விடையிறுத்தார். எனினும், 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தார், யந்திரம் ஆக்கிய பகுதிக்கு அவர் உரிமை விடாதவரை அப்படத்தைப் பதிவு செய்தல் இயலாதென மறுத்துவிட்டனர். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, தம் படங்களைத் தம்மைக் கேளாமல் எடுத்து யந்திரங்களைப் பயிற்றினரென்று சித்திரக்காரர் மூவர் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்திருந்தனர். உழைப்பு யாருடையது, ஊதியம் யாருக்குரியது என்னும் இவ்வழக்குக்கள் நீதிமன்றங்களில் ஆராயற்பாலனவே. ஆயினும், அவை எவ்வாறு முடியினும் மாறாத வேற்றுமையொன்று கைச்சித்திரத்திற்கும் யந்திரப் படத்திற்கும் இடையே உண்டு. கையால் வரைபவன் ஒரு பொருளைக் கண்டவன்; யந்திரம் எதனையுங் காணாதது. இவ்வொன்றையே யாம் இங்கு வற்புறுத்த விழைகின்றோம்.

யந்திரம் எவ்வாறு படம் ஆக்குகின்றது என்பதை அறிந்தால் இது தெளிவாகும். ஒரு படத்தின்மீது பொருளற்ற புள்ளிகளைச் சிறிது சிறிதாய்த் தூவி, ஈற்றில் உருவமே தெரியாத புள்ளிக்கூட்டமாக ஆக்குவர். பின்னர் அப்புள்ளிகளை நீக்கும் முறையை யந்திரத்திற்குப் பயிற்றுவர். இப்பயிற்சிக்கு எண்ணிறந்த படங்கள் வேண்டும். லயான் என்னும் ஜெர்மானியக் கழகத்தார் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியில், ஏறக்குறைய 585 கோடிப் படங்களின் இணைய முகவரிகளும் அவற்றிற்குரிய விளக்கச் சொற்களும் அடங்கியிருந்தன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னுங் கருவி அத்தொகுதியின் பகுதிகளைக் கொண்டே பயிற்றப்பட்டது. இங்ஙனம் பயின்ற யந்திரத்தினிடம் வெறும் புள்ளிக்கூட்டத்தைக் கொடுத்துச் செந்தாமரை என்று சொல்வோமாயின், அச்சொல்லோடு சேர்ந்து வந்த படங்களின் இயல்பிற்கேற்பப் புள்ளிகளைப் படிப்படியாய் நீக்கி, தாமரையைப் போன்றதோர் உருவை அது வெளிக்கொணரும். அவ்வுருவம் அழகியதாகவும் இருக்கலாம். ஆயின் அஃது எந்தக் குளத்துத் தாமரை? எந்தக் குளத்ததுமன்று. தாமரையெனப் பெயர்பெற்ற படங்களுக்கெல்லாம் பொதுவாயுள்ள சாயலே அது.

ஒளிப்படக் கருவி வந்த காலத்தும் சித்திரக்காரர் இவ்வாறே அஞ்சினரல்லரோ எனச் சிலர் வினவுவர். தக்க வினாவே. 1839-ஆம் ஆண்டில் தாகேர் என்பாரது முறை பாரிசு நகரில் வெளியிடப்பட்டபொழுது பலர் கலங்கியது உண்மை. ஆனால் ஒளிப்படமும் ஒருவகைச் சாட்சியே என்பதை மறத்தலாகாது. ஒரு பொருளினின்று புறப்பட்ட ஒளி தகட்டின்மேற் பட்டாலன்றி அங்குப் படம் விழாது. ஒளிப்படம் எடுப்போன் அப்பொருளின் முன்னே நின்றேயாகவேண்டும். அங்ஙனமே, 1894-ஆம் ஆண்டிற் பம்பாயில் இரவிவர்மர் நிறுவிய அச்சுக்கூடம் தெய்வப் படங்களைப் பல்லாயிரமாகப் பெருக்கி வீடுதோறும் சேர்ப்பித்தது. அந்த யந்திரம் பெருக்கியது, மானிட முகத்தையும் ஆடையின் மடிப்பையும் கூர்ந்து கண்ட ஒருவரது கை வரைந்த சித்திரத்தையே. ஆகவே யந்திரம் என்பதற்காக யாம் எதனையும் வெறுக்கின்றோமல்லோம். படத்தின் பின்னே கண்டோன் ஒருவன் உளனோ என்பதே எமது கேள்வி.

காண்டலுக்கும் வரைதலுக்கும் உள்ள தொடர்பை விளக்க, ஸ்பெயின் தேசத்து மருத்துவ அறிஞர் சாந்தியாகோ ராமோன் இ காஹால் என்பாரது வரலாறு போதும். இளமையில் சித்திரக்காரனாக விரும்பிய இவர், தந்தையின் விருப்பிற்கிணங்கி மருத்துவம் பயின்றார். மூளையின் நரம்பிழைகள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே வலையாம் என்று அறிஞர் பலர் கருதியிருந்த காலம் அது. காஹால் நுண்ணோக்கியினூடே நாடோறும் நோக்கி, நோக்கியவற்றைத் தம் கையாலேயே வரைந்து வரைந்து, நரம்பணுக்கள் தனித்தனியானவை என்னும் கொள்கையை நாட்டினார். நரம்பணுக்களுக்குச் சாயமேற்றும் முறையைக் கண்டவரும், வலைக்கொள்கையையே இறுதிவரை விடாதவருமான கோல்ஜி என்பாரோடு 1906-ஆம் ஆண்டின் நோபெல் பரிசை இவர் பகிர்ந்துகொண்டார். இத்தனைக்கும் காஹால் ஒளிப்படக்கலையிலும் வல்லவரே. இழை எங்கு முடிகின்றது என்று கை நின்று தேடும்பொழுது, கண்ணும் அங்கு நின்று தேடவேண்டியிருந்தது. அவருக்கு வரைதல் ஆராய்ச்சிக்குப் பின் செய்யும் அலங்காரமன்று, வரைதலே ஆராய்ச்சியாயிருந்தது.

நம் நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராய் 1819-ஆம் ஆண்டிற் சென்னை வந்த இராபர்ட் ஒயிட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், தென்னாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்து, 1838 முதல் 1853 வரையில் ஐகோனெஸ் என்று சுருக்கமாய் வழங்கும் பெருநூலை வெளியிட்டார். அதில் அடங்கிய படங்கள் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டவை. அவருக்காகச் சித்திரம் வரைந்தோருள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்தியர் இருவர் தலைசிறந்தவர். இலையின் நரம்பையும், அறுத்துப் பிரித்த பூவின் உறுப்புக்களையும் இவர்கள் உள்ளவாறே கண்டு எழுதினர். ஒயிட் இவர்தம் திறமையை மதித்து, ஆர்க்கிட் குடும்பத்து இனமொன்றிற்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அந்நூலின் படங்களைத் தாவர நூலார் இன்றும் எடுத்து நோக்குதற்குக் காரணம் அவற்றின் அழகு மட்டுமன்று. இச்செடியை ஒருவன் நேரிற் கண்டு வரைந்தான் என்னும் நம்பிக்கையே காரணமாம்.

அந்நம்பிக்கை இல்லாவிடத்து நேர்வது யாதென்பதற்கும் சான்று வேண்டுமோ? 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், உயிரணு ஆராய்ச்சிக்குரிய வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில், எலியின் உறுப்புக்களைக் காட்டும் படமொன்று வெளிவந்தது. அது மிட்ஜர்னி கருவியால் ஆக்கப்பட்டதென்று கட்டுரையாளரே வெளிப்படையாய்க் கூறியிருந்தனர். உறுப்புக்கள் இயற்கையில் எங்குங் காணாத அளவிற் பருத்திருந்தன. அவற்றைக் குறித்த சொற்களோ எம்மொழியிலும் பொருள்படாதவை. கட்டுரையைப் பரிசோதித்தோரையும் பதிப்பித்தோரையும் கடந்து அப்படம் அச்சேறியது. உலகினர் நகைத்த பின்னர், சில நாட்களுக்குள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வரைந்தது எலியைக் காணவில்லை. வரைவித்தோர் படத்தைக் காணவில்லை. ஒப்புக்கொண்டோர் இரண்டையுங் காணவில்லை.

இனி நமது நிலையைச் சிறிது நோக்குவோம். நுண்ணோக்கியின்கீழ் வைத்த தண்டின் குறுக்குவெட்டைக் காணாமலே, சென்ற ஆண்டு மாணவர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே வரைந்து கையொப்பம் பெறும் வழக்கம் நம் கல்லூரிகளில் இல்லையென்று யார் சொல்லவல்லார்? அங்ஙனம் வரைபவர் கையால்தான் வரைகின்றார், நேரமும் செலவிடுகின்றார். ஆயினும் அவர் செய்வது யந்திரம் செய்வதே: பொருளைக் காணாது, படத்தைக் கண்டு படம் ஆக்குதல். முந்திய ஏட்டிலுள்ள பிழையும் இதனால் தலைமுறை தலைமுறையாய் வாழ்கின்றது. ஆகவே, கையால் வரைந்ததென்ற ஒன்றினாலேயே ஒரு படம் மேன்மை பெறுவதில்லை. கோணலாய்ப் போனாலும் கண்டதை வரைந்தவனது படமே கல்விக்குரியது.

எனக்குச் சித்திரம் வராது, யந்திரம் எனக்கு அக்குறையை நீக்குகின்றது என்று சொல்லும் மாணவரும் உளர். நாடக விளம்பரத்திற்கோ விழா அழைப்பிற்கோ அவர் அதனைப் பயன்படுத்துவதை யாம் தடுப்போமல்லோம். பணமில்லாத சிறு சங்கங்களுக்கு அஃது உதவியே. ஆயின் அது யந்திரம் ஆக்கியதென்று அதன்கீழ் எழுதுதல் வேண்டும். சித்திரம் வராது என்போரும், ஒரு வேப்பிலையை எதிரில் வைத்து அரைமணி நேரம் வரைந்து பார்ப்பாராக. படம் நன்றாய் அமையாமற் போகலாம். ஆனால் அவ்விலையின் இருபுறமும் ஒத்திராமையையும், விளிம்பின் பற்கள் சாய்ந்திருத்தலையும் அன்றே முதன்முறை காண்பார். அதுவே அவ்வரைமணி நேரத்தின் ஊதியம். அதனை எந்த யந்திரமும் அவருக்காகச் சம்பாதித்துத் தரமாட்டாது.

ஆதலின் மூன்று விண்ணப்பங்களைச் செய்துகொள்கின்றோம். ஆசிரியப் பெருமக்கள், ரெக்கார்டு நோட்டில் வரிகளின் நேர்த்தியைக் காட்டிலும், மாணவர் தாமே கண்டு வரைந்தமைக்கு மதிப்பெண் வழங்குவாராக. இம்மலரின் பதிப்பாளர், அட்டைக்கும் உட்பக்கங்களுக்கும் மாணவர் கைச்சித்திரங்களையே முதலிற் கொள்வாராக. யந்திரப் படம் இடம்பெறின் அதனை அவ்வாறே குறிப்பாராக. பழைய மாணவராகிய அன்பர்கள், தங்களிடம் எஞ்சியிருக்கும் ஆய்வக ஏடுகளையும் கல்லூரிக் கட்டிடங்களை வரைந்த படங்களையும் நூலகத்திற்கு அனுப்புவாராக. அவற்றை வரைந்தோர் அவ்வப் பொருளின் முன்னே நின்று கண்டவர்கள். அவர்தம் சாட்சியம் நமக்கு வேண்டும்.