காந்த ஊசி பூமியின் வயதைச் சொல்லுமா?

திருவெறும்பூரில் எறும்பீஸ்வரர் கோயில் ஒரு சிறு குன்றின் மேல் இருக்கிறது. அந்தக் குன்றின் பாறைக்கு வயது என்ன?

50 கோடி ஆண்டுகளுக்கு மேல்!

இருக்கவே முடியாது, பூமிக்கே 10 ஆயிரம் வயதுதான் என்று ஒருவர் வாதாடினார். அவர் சாதாரண ஆள் அல்ல. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். பெயர் தாமஸ் பார்ன்ஸ். தம் கட்சிக்கு அவர் சாட்சியாக அழைத்தது, காந்த ஊசியை!

பேராசிரியர் போட்ட கணக்கு

பூமி ஒரு பெரிய காந்தம். அதனால்தான் காந்த ஊசி வடக்கு நோக்கி நிற்கிறது. அந்தக் காந்தத்தின் பலத்தை 1830-களில் அளந்து சொன்னவர், ஜெர்மன் கணித மேதை காஸ். அதன் பிறகு பலம் சுமார் 9 சதவிகிதம் குறைந்திருக்கிறது. இதில் சந்தேகம் இல்லை.

பார்ன்ஸ் 1970-களில் இதைப் பிடித்துக்கொண்டார். 1,400 ஆண்டுக்கு ஒரு முறை பலம் பாதியாகிறது என்றார். அப்படியானால் 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது இன்றைப்போல் 140 மடங்கு இருந்திருக்க வேண்டும். பூமி அதைத் தாங்காது. ஆகவே பூமிக்கு அவ்வளவு வயது இருக்க முடியாது என்று முடித்தார். பைபிளில் உள்ள படைப்பு வரலாற்றை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்களில் பலர் இதை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

கணக்கில் பிழை இல்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

மலைக்கோட்டை மூழ்கியதா?

காவிரியில் வெள்ளம் வடிகிறது. ஒரு நாளைக்கு ஓர் அடி வடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்த ஒருவர், "போன வருடம் இதே நாளில் தண்ணீர் 365 அடி உயரம் நின்றிருக்கும்" என்றால் எப்படி? மலைக்கோட்டையே 273 அடிதான். பிள்ளையாரும் அல்லவா மூழ்கியிருப்பார்!

ஆற்றில் தண்ணீர் ஏறும், இறங்கும். பூமியின் காந்தமும் அப்படித்தான். பூமியின் உள்ளே உருகிய இரும்பு ஓயாமல் புரண்டுகொண்டிருக்கிறது. அந்த ஓட்டமே காந்தத்தை உண்டாக்குகிறது. ஓட்டம் மாறினால் பலமும் மாறும்.

பானை ஓடு சொல்லும் சாட்சி

பழைய காலத்துப் பலத்தை யார் அளந்தார்கள்? சூளையில் வெந்த மண் அளந்து வைத்திருக்கிறது. பானையோ செங்கல்லோ வெந்து ஆறும்போது, மண்ணில் உள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத்தைத் தமக்குள் பதித்துக்கொள்கின்றன. பல நாட்டு ஓடுகளைச் சோதித்தார்கள். 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பலம் இன்றைவிட அதிகம். 6 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இன்றைவிடக் குறைவு!

பாறைகளோ இன்னும் பெரிய கதை சொல்கின்றன. பூமியின் காந்தம் பலமுறை தலைகீழாகப் புரண்டிருக்கிறது. 1906-ல் பிரெஞ்சு விஞ்ஞானி புரூன் இதற்கு முதல் அடையாளம் கண்டார். கடைசியாகப் புரண்டு 7 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் எரிமலைக் குழம்பு உறைந்ததே, அந்தப் பாறைகளில் பெரும்பாலானவை தலைகீழ்க் காந்தத்தைத்தான் காட்டுகின்றன.

சரியான கடிகாரம் எது?

யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாகிறது. இதுதான் கடிகாரம். 1956-ல் அமெரிக்க விஞ்ஞானி பாட்டர்சன், விண்கற்களில் இருந்த ஈயத்தை அளந்து பூமியின் வயதைச் சொன்னார்: 455 கோடி ஆண்டுகள். இன்றைய கணக்கு 454 கோடி.

பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்பது புராணக் கணக்கு. அருகில் வருகிறதே என்று நம்மவர் சிலர் மார் தட்டுகிறார்கள். அதுவும் பார்ன்ஸ் செய்த வேலைதான்! விடையை முதலில் வைத்துக்கொண்டு சாட்சி தேடக் கூடாது.

நாளைக்கே புரளுமா?

காந்தம் குறைகிறது, நாளைக்கே துருவம் புரளும், உலகம் அழியும் என்று கைபேசிகளில் செய்தி பரவுகிறது. குழந்தைகள் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். புரள்வதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். முன்பு புரண்டபோதெல்லாம் உயிர்கள் பிழைத்துத்தான் இருக்கின்றன.

பம்பாய் கொலாபாவில் 1841 முதல் இந்தக் காந்தத்தை அளந்து வந்தார்கள். நகரில் மின்சார டிராம் வர இருந்தது. அந்த மின்சாரம் ஊசியைக் கலைத்துவிடும் என்பதால் 1904-ல் அலிபாகுக்குப் போனார்கள். அங்கும் நம் திருநெல்வேலியிலும் ஊசியின் அசைவை இப்போதும் குறித்து வருகிறார்கள்.