கறுப்புப் பட்டை இருந்துட்டுப் போகட்டும்

போன மாசம் எங்க போர்டிங் ரூமில ஒரு சின்னச் சண்டை. பேராதனையில மழை விட்டபாடில்லை. லெக்சர் முடிஞ்சு வந்த நாலு பேர் லெப்டொப்பை டிவியில மாட்டி டிராகன் பால் இசட் போட்டோம். நாமெக் கிரகத்தில கோகு முதல் தடவையா சூப்பர் சயனா மாறுற இடம். படத்துக்கு ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. "மச்சான், டிவி ஃபுல்லா வரல்லையே" என்று ஒருத்தன் ரிமோட்டை எடுத்து சூம் பட்டனை அமத்தினான். டிவி நிறைஞ்சது. கோகுவோட முடியில பாதியைக் காணோம். கீழே ரெண்டு வரி சப்டைட்டில்ல ஒரு வரிதான் தெரிஞ்சது.

"இப்பதானே நல்லா இருக்கு" என்றான் அவன்.

ரிமோட்டில செஞ்சதை ரிமோட்டிலேயே மாத்தலாம். கொஞ்ச நேரம் கத்திட்டு மாத்தினோம். ஆனா அதே வேலையை டிஸ்க் வெளியிடுற கம்பனியே செஞ்சு, பெட்டியில "ரீமாஸ்டர்" என்று பெரிய எழுத்தில போட்டு வித்தா? அதைத் திருப்பி எடுக்க நம்ம கையில பட்டன் இல்லை.

டிராகன் பால் இசட்டுக்கு நடந்தது அதுதான். 1989 முதல் 1996 வரை ஜப்பானில் 291 எபிசோட் ஓடிய தொடர் அது. அந்தக் கால டிவியின் அளவு 4:3. வரைஞ்சவங்க அந்தச் சட்டத்தை மனசில வச்சுத்தான் வரைஞ்சாங்க. தலை எங்கே வரணும், தலைக்கு மேலே எவ்வளவு வானம் தெரியணும் என்பதெல்லாம் அதுக்குள்ளே தீர்மானிச்சது. 2007ல் அமெரிக்காவின் ஃபனிமேஷன் நிறுவனம் இதை 9 சீசன் டிவிடி பெட்டிகளாக வெளியிடத் தொடங்கியபோது, 16:9 அகலத்திரைக்காக மேலேயும் கீழேயும் வெட்டியது. கணக்கு லேசானது: 4:3 படத்தின் அகலத்தை அப்படியே வச்சு 16:9 ஆக்கினா உயரத்தில் 25 சதவீதம் போகும். பழைய பிரதிகளில் மறைஞ்சிருந்த ஓரங்கள் இதில் கொஞ்சம் தெரியுது என்று கம்பனி சொன்ன நியாயமும் இருக்கு. ஆனா ஓரத்தில கிடைச்ச துளி, மேலே போன தலைக்கு ஈடாகுமா?

அடுத்த பிரச்சினை "கிளீன்" பண்றது. அப்போதைய அனிமே, செல் என்ற கண்ணாடி மாதிரியான தாளில் வர்ணம் பூசி, ஒவ்வொரு ஃபிரேமாக ஃபிலிம் கேமராவில் எடுத்தது. அந்தப் படத்தில பொடிப் பொடியா அசையுற கிரெய்ன் தூசி இல்லை. ஃபிலிமில படம் உருவாகுறதே அந்தத் துகள்களாலதான். கிரெய்னை அழிக்கிற மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டினா, துகள் எது, மெல்லிய கோடு எது என்று அதுக்குத் தெரியாது. ரெண்டையும் சேர்த்துத் துடைக்கும். முகத்தில இருந்த கோடு மங்கும், பின்னணியில வரைஞ்ச புல்லும் பாறையும் மெழுகு பூசின மாதிரி ஆகும். தூரத்தில இருந்து பார்த்தா "கிளியரா இருக்கே" என்று தோணும். கிட்டப் போனாத்தான் என்ன போச்சு என்று தெரியும்.

சரியாச் செய்ய முடியாதா? முடியும். அதே ஃபனிமேஷன் 2011 கடைசியில் மூல ஃபிலிமை ஃபிரேம் ஃபிரேமாகச் சரிசெய்து 4:3லேயே ப்ளூ-ரே போட ஆரம்பிச்சது. வேலை மிக அதிகம். ரெண்டு தொகுதியோட நின்றுபோச்சு. 2013ல் மறுபடி 16:9க்கே திரும்பினாங்க.

"ஜப்பான் கார்ட்டூனுக்கு நாம ஏன் அழணும்" என்று கேட்கிறவங்களுக்கு கர்ணனைச் சொல்றேன். பி. ஆர். பந்துலுவின் 1964 படம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் வந்ததே 1973ல். ஆனா 2012 மார்ச்சில் கர்ணன் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு சினிமாஸ்கோப்பாகத் திரைக்கு வந்தது. 100 நாளைத் தாண்டி ஓடியது. சிவாஜியைப் பெரிய திரையில பார்க்காத ஒரு தலைமுறையே தியேட்டருக்குப் போனது. மற்றப் பழைய படங்களுக்கும் அதுதான் கதவைத் திறந்தது. அந்த நன்மையை நான் மறுக்கல்ல. ஆனா பழைய சட்டத்தில எடுத்த படத்தை ஸ்கோப் அகலத்துக்கு நிரப்ப ரெண்டே வழிதான். இழுத்தா முகம் அகலும். வெட்டினா உயரத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் போகும். அரசவைக் காட்சிகளுக்காக அவ்வளவு உயரமா செட் போட்ட படத்துக்கு அது சின்ன இழப்பா?

நம்ம நாட்டுக்காரங்களுக்கு இது இன்னும் உறைக்கணும். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிஞ்சது. மூலம் அழிஞ்ச பிறகு, மிச்சம் இருக்கிற பிரதிதான் அந்தப் படம். அந்தப் பிரதியில பாதித் தலை என்றா, பாதித் தலைதான் வரலாறு. சுமித்ரா பீரிஸின் 1978 படமான கெஹெனு லமாய் புதுப்பிக்கப்பட்டு 2025ல் கான் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் காட்டப்பட்டது. அப்படிப் பொறுமையாச் செய்யுற வேலைக்குத்தான் ரீமாஸ்டர் என்ற பேர் பொருந்தும்.

பார்க்கிறவங்க கத்தினா கம்பனிகளுக்குக் கேட்கும். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் பழைய சிம்சன்ஸை 16:9க்கு வெட்டிப் போட்டது. ஒரே குழாயில இருந்து மூணு வகை பியரும் வருது என்ற பகிடியில, அந்தக் குழாயே வெட்டுப்பட்டுப் போச்சு. ரசிகர்கள் விடல்ல. 2020 மேயில் 4:3லேயும் பார்க்கலாம் என்று வசதி கொடுத்தாங்க. நாம கேட்கவேண்டியதும் அவ்வளவுதான். அகலத்திரைப் பிரதி வேணும் என்றவங்களுக்கு அதையும் போடுங்க, மூல அளவை மட்டும் ஒளிக்காதீங்க.

நம்ம பக்கமும் ஒரு கடமை இருக்கு. கெம்பஸில டிஸ்க் வாங்குறவங்க குறைவு. ஒரு ஹார்ட் டிஸ்க் ரூம் ரூமாச் சுத்தும், அதில எது இருக்கோ அதைத்தான் எல்லாரும் பார்ப்போம். அதனால கொப்பி பண்ண முதல் ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. 90களின் அனிமே டிவி முழுக்க நிறைஞ்சு வந்தா சந்தேகப்படுங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தா சந்தோஷப்பட்டு, ரிமோட்டை எட்டாத இடத்தில வையுங்க. எங்க ரூமில அது இப்ப அலுமாரிக்கு மேலே இருக்கு.