குறைப் படமா? குறைத்து மதிக்கப்பட்ட படமா?

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

பட்டிமன்றம் நடத்த மேடையும் ஒலிபெருக்கியும் நடுவரும் வேண்டும் என்பதில்லை. எங்கள் விடுதியில் ஒரு கட்டிலும், ஒரு மடிக்கணினியும், இரவு உணவை முடித்துவிட்டு வந்த ஆறேழு பேரும் இருந்தால் போதும். சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை இரவு அப்படித் தொடங்கிய வாதம் மறுநாள் காலைச் சிற்றுண்டி வரிசை வரை நீண்டது. தலைப்பு இதுதான்: ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ நல்ல படமா, இல்லையா?

2008-இல் வந்த படத்துக்கு இப்போது என்ன வழக்கு என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணக்கூடும். வந்த நாள் முதலாகவே பாண்ட் ரசிகர்கள் இரு கட்சியாக நின்று வழக்காடும் படம் இது. அந்த வழக்கில் நானும் ஒரு கட்சியில் இருந்தவன்தான். பிறகு கட்சி மாறினேன். பதவிக்காக அல்ல! ஏன் மாறினேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முன்கதை

2006-இல் மார்ட்டின் கேம்பெல் இயக்கிய ‘கேசினோ ராயல்’ படத்தில்தான் டேனியல் கிரெய்க் முதன்முதலாகப் பாண்ட் ஆனார். அதில் அவர் உயிராய்க் காதலித்த வெஸ்பர் என்ற பெண் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அறிகிறார். அறிந்த சூட்டிலேயே அவள் வெனிஸ் நகரத்து நீரில் மூழ்கி இறப்பதையும் காண்கிறார். பழைய பாண்ட் படங்கள் பெரும்பாலும் தனித்தனிக் கதைகள். ஒரு படத்துக் காதலி அடுத்த படத்தில் நினைவுக்கும் வரமாட்டாள். ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ அப்படியன்று. முந்தைய படம் முடிந்த சிறிது நேரத்திலேயே இதன் கதை தொடங்கிவிடுகிறது. ஈயான் நிறுவனம் எடுத்த பாண்ட் படங்களில் இது 22-ஆவது. ஓடும் நேரம் 106 நிமிடம். வரிசையிலேயே மிகக் குறுகிய படம். இயக்கியவர் மார்க் ஃபார்ஸ்டர்.

வழக்கு

எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டுகள் மூன்று.

முதலாவது, படத்தொகுப்பு. தொடக்கத்திலேயே இத்தாலி நாட்டு மலைப்பாதையில் ஒரு கார் துரத்தல். யாருடைய கார் எது, சுடுபவர் யார், விழுபவர் யார், ஒன்றும் கண்ணில் நிற்பதில்லை. நாம் ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் திரையில் வேறொன்று வந்துவிடுகிறது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ‘போர்ன்’ உளவுப் படங்களில் பணியாற்றிய டேன் பிராட்லி இதில் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவின் இயக்குநர். அதே ‘போர்ன்’ வரிசையில் பணிபுரிந்த ரிச்சர்ட் பியர்சன் படத்தொகுப்பாளர்களில் ஒருவர். “போர்னின் சட்டையைக் கழற்றிப் பாண்டுக்கு மாட்டிவிட்டார்கள். அளவு சரியில்லை” என்றான் இயற்பியல் மாணவன் ஒருவன்.

இரண்டாவது, கதை மெலிந்தது. 2007 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். படத்தின் கதை முழுதாகப் பக்குவப்படுவதற்குள் பேனாக்கள் மூடப்பட்டன. தானும் இயக்குநருமே உட்கார்ந்து காட்சிகளை எழுத நேர்ந்ததாகக் கிரெய்க் பின்னாளில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அரைவேக்காட்டுச் சோறு என்று சமைத்தவரே சொன்ன பிறகு, உண்டவர் சொன்னால் குற்றமா?

மூன்றாவது, இவர் பாண்டே அல்லர். தம் பெயரை இருமுறை சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் அந்தப் புகழ்பெற்ற வசனம் இதில் இல்லை. விந்தைக் கருவிகள் தரும் ‘கியூ’ இல்லை. சிரிப்பு இல்லை. போதாக்குறைக்கு, தம் மடியில் உயிர்விட்ட மாத்திஸ் என்ற நண்பரின் உடலைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடக்கிறார். இதுவா நாம் விரும்பிய கதாநாயகன்?

எதிர்வாதம்

ஆங்கில இலக்கியத் துறை அண்ணன் ஒருவர் மறுகட்சி. அவர் நிதானமாகப் பேசினார்.

“படத்தின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இயான் ஃபிளெமிங் 1959-இல் எழுதிய ஒரு சிறுகதையின் பெயர் அது. அதில் துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. பகாமாஸ் தீவில் ஓர் ஆளுநர், விருந்துக்குப் பின், முறிந்துபோன ஒரு திருமணத்தின் கதையைப் பாண்டுக்குச் சொல்கிறார். இருவருக்கிடையே இருக்கும் ஆறுதலின் அளவு சுழியத்துக்கு வந்துவிட்டால் அன்பு செத்துவிடும் என்பதே அதன் சாரம். படத்தின் கதை வேறு. ஆனால் கேள்வி அதேதான். எல்லாவற்றையும் இழந்தவனுக்கு எவ்வளவு ஆறுதல் மிச்சம்?”

பிறகு அவர் காட்சிகளை எடுத்துவைத்தார். விமானத்தில் உறக்கமின்றிக் குடித்துக்கொண்டிருக்கிறார் பாண்ட். வெஸ்பர் நினைவாக அவர் பெயரிட்ட அதே மதுதான். அன்று ஆறாவது குவளை. “அண்மையில் காதலியைப் பறிகொடுத்தவன் சிரிக்கவில்லை என்று குறைசொல்கிறீர்களே, உங்களுக்கு நெஞ்சு இருக்கிறதா?” என்று கேட்டார். மாத்திஸ் சாகும்போது பாண்டிடம் வேண்டுவது பழிவாங்குதலை அன்று. வெஸ்பரை மன்னிக்கவும், தன்னைத்தானே மன்னித்துக்கொள்ளவும் சொல்லிவிட்டே சாகிறார். குப்பைத் தொட்டிக் காட்சி நம்மை உறுத்துகிறது என்றால், அது உறுத்துவதற்காகவே வைக்கப்பட்டது. ஒரு மனிதன் எவ்வளவு தூரம் மரத்துப்போய்விட்டான் என்று காட்டும் காட்சி அது. இறுதியில் ரஷ்ய நகரமான கசானில், வெஸ்பரை ஏமாற்றியவன் கைக்குள் அகப்பட்ட பிறகும் பாண்ட் அவனைக் கொல்லாமல் விடுகிறார். அவளது சங்கிலியைப் பனியில் போட்டுவிட்டு நடக்கிறார். “இதைவிட நல்ல முடிவு எந்தப் பாண்ட் படத்தில் இருக்கிறது?” என்றார்.

நான் விடவில்லை. “அண்ணே, வில்லன் சரியில்லையே! குள்ளமாய், கண்ணை உருட்டிக்கொண்டு, யாரோ கணக்குப்பிள்ளை மாதிரி இருக்கிறான்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “சரி தம்பி, அந்தக் கணக்குப்பிள்ளை எதைக் கைப்பற்றப் பார்க்கிறான்? சொல் பார்ப்போம்.”

“பாலைவனத்து எண்ணெயை” என்றேன்.

அறை முழுதும் சிரிப்பு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை நான் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை. தொடக்கத் துரத்தலில் தலைவலி வந்து நிறுத்திவிட்டவன். மற்றவர்கள் சொன்ன குறைகளை மனப்பாடம் செய்து, என் கருத்து என்று இரண்டு ஆண்டு காலம் பேசி வந்திருக்கிறேன். எண்ணெய் என்று ஏமாறுவது அந்தப் படத்தில் அமெரிக்க உளவுத்துறை. நானும் அதே குழியில் விழுந்தேன்!

குடமும் குழாயும்

அன்றிரவு முழுப் படத்தையும் பார்த்தோம். டொமினிக் கிரீன் என்ற அந்த வில்லனுக்கு வெளியில் சுற்றுச்சூழல் காவலர் வேடம். பொலிவியாவில் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு தளபதிக்கு உதவுகிறான். கைம்மாறாக ஒன்றுக்கும் உதவாத பாலைநிலம் ஒன்றைக் கேட்கிறான். அந்த நிலத்தின் அடியில் அவன் அணைகட்டித் தேக்கி வைத்திருப்பது எண்ணெயன்று, நீர். நாட்டின் நீரில் 60 விழுக்காடு தன் கையில் வந்ததும், புதிய அரசு தன்னிடமே, இருமடங்கு விலைக்கு, தண்ணீர் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தை நீட்டுகிறான். இடையில் ஒரு சிறு காட்சி. ஒரு சிற்றூரில் குழாய் நீர் மெலிந்து சொட்டாகி நின்றுபோகிறது. கலங்களைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த இடத்தில் என் அறைத்தோழன் படத்தை நிறுத்தச் சொன்னான். இராமநாதபுரம் பக்கத்துக்காரன், அதிகம் பேசமாட்டான். “எங்க ஊர்ல தண்ணி வண்டிக்காரர் வைச்சதுதான் விலை. வண்டி வராத அன்னிக்கு எங்கம்மா முகம் இப்படித்தான் இருக்கும்” என்றான். பிறகு யாரும் பேசவில்லை.

அணுகுண்டு வைத்து உலகை மிரட்டும் வில்லன்களைப் பார்த்து நாம் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். அவன் நம் தெருவுக்கு வரமாட்டான் என்று நமக்குத் தெரியும். ஆனால் குழாயை மூடிவிட்டு விலைச்சீட்டை நீட்டுகிறவன்? பொலிவியாவின் கோச்சபாம்பா நகரத்தில் 1999-இல் நீர் வழங்கும் உரிமை ஒரு தனியார் கூட்டமைப்பிடம் தரப்பட்டது. கட்டணம் ஏறியது. மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2000 ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் நீக்கப்பட்டது. படத்தைவிட எட்டு ஆண்டு மூத்த செய்தி இது. விலை ஏறினாலும் வாங்குவதைக் குறைக்க முடியாத பொருளின் தேவையை ‘நெகிழ்ச்சியற்ற தேவை’ என்று வகுப்பில் படிக்கிறோம். தேர்வில் வரைபடமும் போடுகிறோம். அந்தக் கோட்டின் பொருள் எனக்கு முதன்முறையாகப் புரிந்தது அந்தக் குழாயடிக் காட்சியில்தான்.

என் தீர்ப்பு

அப்படியானால் இது குறையற்ற படமா? இல்லை. தொடக்கத் துரத்தலில் இரண்டாம் முறையும் எனக்குத் தலை வலித்தது. தன்னிடம் இருந்த மிகச் சிறந்த பொருளையே இப்படம் அவசரத்தில் தாண்டி ஓடிவிடுகிறது என்பதே என் பெரிய வருத்தம். அந்தச் சிற்றூர் மக்களுக்கு இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் என்ன? உலகெங்கும் 58 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய படம் அது. அதைத் தோல்விப் படம் என்பது தவறு. ஆனால் ஈட்டிய பணம் கலைக்குச் சான்றாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என்றாலும், ‘கேசினோ ராயல்’ போல் இல்லை என்பதற்காக இதைத் தள்ளுவது, அண்ணனைப் போல் இல்லை என்று தம்பியை அடிப்பதற்கு ஒப்பாகும். ஒரு படம் தான் என்ன சொல்ல வந்தது, அதை எவ்வளவு தூரம் சொன்னது என்று பார்ப்பதே முறை. துயரத்தைச் சொல்ல வந்தது, சொல்லிவிட்டது. தண்ணீரைச் சொல்ல வந்தது, பாதி சொன்னது. என் கணக்கில் நூற்றுக்கு அறுபது.

அன்பு நண்பர்களே! ரசிகராய் இருப்பது இனிமையானது. ஆனால் பாராட்டையும் வசையையும் பிறரிடம் கடன்வாங்கிப் பேசுகிறவர் ரசிகர் ஆகமாட்டார். நான் இரண்டு ஆண்டுகள் கடன்வாங்கிப் பேசியவன் என்பதால் சொல்கிறேன். படத்துக்கு மட்டுமன்று, புத்தகத்துக்கும், ஆளுக்கும், ஊருக்கும் இது பொருந்தும். முழுதும் பாருங்கள். பிறகு திட்டுங்கள். அந்த முதல் துரத்தலைத் திட்டுவதென்றால் என்னையும் கூப்பிடுங்கள். உடன் சேர்ந்து திட்ட நான் ஆயத்தம்.