அந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கு

கீரமங்கலம் பக்கத்து என் ஊர்ச் சனங்களுக்கு,

ஆடி மொய் விருந்துக்கு வந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பி மூன்று வாரமாகிறது. கறிச்சோறு செரித்துவிட்டது. ஒரு பேச்சு மட்டும் செரிக்கவில்லை: "யாருக்கும் சொல்லிப்புடாதப்பா."

கை கழுவப் போன இடத்தில் ஓர் அண்ணன் காதோடு சொன்னார்: "உன் மகன் மாதிரித்தான் எங்க சின்னவனும். ஆட்டிசமாம். வெளிய தெரிய வேணாம்." மறுநாள் மோட்டார் கொட்டகையில் ஓர் அத்தாச்சி, பேத்தியைப் பற்றி அதையே சொன்னார். மூன்றாமவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, பஸ் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். ஒரே ஊர், மூன்று வீடு. ஒருவர் கதை மற்றவருக்குத் தெரியாது. மூவருக்கும் சத்தியம் செய்துவிட்டு வந்தவன் நான்.

என்ன ஊரய்யா நம்முடையது! பழைய நடை எவ்வளவு, புது நடை எவ்வளவு என்று தாத்தா காலத்து மொய்க்கும் நோட்டு வைத்திருக்கிறோம். 2018 கஜா புயலில் யார் தோப்பில் எத்தனை தென்னை சாய்ந்தது என்று இன்றும் டீக்கடையில் சொல்வார்கள். இந்தப் பிள்ளைகள் கணக்கை மட்டும் கொல்லைப்புற அறையில் பூட்டி வைக்கிறோம்.

அத்தாச்சி பயப்படுவது எதற்கென்று தெரியும். "கிரகணத்தில் வெளியே வந்தாள்", "பிள்ளையைக் கொஞ்சவே மாட்டாள்" என்று மருமகள் தலையில் பழி விழும். அமெரிக்காவில் படித்த மருத்துவர்களே ஒரு காலத்தில் தாயின் பாசக்குறைதான் காரணம் என்றார்கள். 1964இல் அதை மறுத்துப் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அப்பா. டெல்லியில் 1991இல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கிய மெர்ரி பருவா ஓர் அம்மா. தமிழில் ஆட்டிசம் பற்றிப் புத்தகம் எழுதிய யெஸ். பாலபாரதியும் ஓர் அப்பாதான். இங்கே 2004இல் 41 பிள்ளைகளோடு தொடங்கிய பாத்லைட் பள்ளிக்குப் பின்னாலும் பெற்றோர்கள்தான் நின்றார்கள்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை ஏழெட்டுப் பெற்றோர் கூடுவோம். தூங்கும்போது நகம் வெட்டச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலாய் அக்கா. முடிவெட்டப் போகும் முன் படமாக வரைந்து காட்டச் சொன்னவர் ஒரு சீனத் தாத்தா. எந்த டாக்டரும் எனக்குச் சொல்லாதவை இவை. மகன் பஸ்ஸில் தரையில் விழுந்து கத்தினாலும் இப்போது நான் கூசுவதில்லை.

பெரிய மனுசன் மாதிரிப் பேசுகிறேன், இல்லையா? உண்மையையும் கேளுங்கள். "பேச்சு கொஞ்சம் லேட்டு, ஆத்தா" என்று நாலு வருசம் போனில் மழுப்பியவன் நான். இந்த ஆடிக்கு மகனைக் கூட்டி வராததற்குப் பள்ளிக்கூடத்தைக் காரணம் சொன்னேன். கேட்டிருந்தால் லீவு கொடுத்திருப்பார்கள். குழாய் ஸ்பீக்கர் சத்தத்துக்கு அவன் பயப்படுவான். உங்கள் கண்ணுக்கு நான் பயந்தேன்.

ஆனால் கண்மாய் இருக்கிறது, கிணறு இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை, சொல்லாமல் நடந்துவிடுவார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டான் என்பது டீக்கடைக்காரருக்குத் தெரிந்தால்தான் ஓடிப் போய்க் கையைப் பிடிப்பார். மறைத்து வைத்த பிள்ளையை ஊர் எப்படிக் காக்கும்?

மூன்று வீடும் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் புதுக்கோட்டை மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கு ஒரே நடையில் போய்வரலாம். அடையாள அட்டை கேளுங்கள். 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' காப்பீடு இருக்கிறது. சிகிச்சைக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஒருவர் அலைந்து தெரிந்துகொண்டதை மற்றவருக்குச் சொல்லுங்கள். இதுவும் மொய்தான், திரும்பி வரும்.

சத்தியத்தை மீறவில்லை, பெயர் ஒன்றும் எழுதவில்லை. உங்களோடு சேர்த்து மூன்று வீடு என்பதை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். என் வீட்டையும் சேர்த்தால் நாலு.

அடுத்த ஆடிக்கு மகன் வருவான். முதல் பந்தியில், காதில் ஹெட்போனோடு உட்காருவான். பக்கத்தில் மூன்று இலை போடச் சொல்லியிருக்கிறேன். யாருக்கென்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பையன்