கோடு மட்டும் காப்பாற்றாது

1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே ஒரு கம்பம் நட்டார்கள். யோசனை ரயில்வே பொறியாளர் ஜான் பீக் நைட்டுடையது. பகலில் கைகாட்டி, இரவில் சிவப்பும் பச்சையுமாக எரியும் கேஸ் விளக்கு. குதிரை வண்டிகளை நிறுத்தி, நடந்து வருபவர்களைக் கடக்கவிடுவதுதான் அதன் வேலை. சில வாரங்களிலேயே கேஸ் வெடித்துப் போலீஸ்காரர் காயம்பட, திட்டத்தையே மூட்டை கட்டிவிட்டார்கள்.

பிறகு கார்கள் பெருகின. 1930இல் பிரிட்டன் கார்களுக்கான வேக வரம்பை நீக்கியது. 1934இல் அங்கே சாலைகளில் இறந்தவர்கள் 7,000க்கும் மேல்; அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நடந்து சென்றவர்கள். அந்த ஆண்டு போக்குவரத்து அமைச்சரான லெஸ்லி ஹோர்-பெலிஷா, கடக்கும் இடங்களில் ஆரஞ்சு உருண்டை விளக்குகளை வைக்கச் செய்தார். மறு ஆண்டே ஊர்ப்பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற வரம்பு வந்தது. கறுப்பு வெள்ளைப் பட்டைகள் 1951இல் சட்டத்தோடு சேர்ந்தே வந்தன: பட்டையில் ஒருவர் கால் வைத்தால் வண்டி நிற்க வேண்டும்.

விளக்கு, வேக வரம்பு, சட்டம், பட்டை என்று நான்கும் கைகோத்து வந்த ஏற்பாடு அது. நாம் அதில் மிக மலிவான பெயிண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். நடப்பவர் கடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று இந்தியாவின் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளே சொல்லிவிட்டன. நம் ஜீப்ரா கிராசிங்கிலோ, சிவப்பு விழுந்ததும் வண்டிகள் கோட்டின் மேலேயே வந்து நிற்கின்றன. 2022இல் இந்தியாவில் சாலையில் நடந்து சென்றவர்களில் 32,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள்.

பழியை நடப்பவர்மேல் போடுவது எளிது. அதனால்தான் நடை மேம்பாலம் கட்டி, மூட்டு வலிக்காரரைப் படியேறச் சொல்கிறோம். வண்டிக்காரர் பிரேக்கை அழுத்தும் சிரமம்கூடப் படுவதில்லை. பிரேக் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டியைவிட 50இல் வருவதற்கு, பிரேக் பிடித்தபின் நிற்க ஏறத்தாழ மூன்று மடங்கு தூரம் வேண்டும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் முக்கியச் சாலைகள் நீங்கலாக ஊர் முழுக்க 30 என்று 1992இலேயே வகுத்துவிட்டது.

செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துங்கள். அகலச் சாலைகளின் நடுவே நின்று செல்ல இடம் விடுங்கள். பச்சை விளக்கு நேரத்தை முதியவரின் நடையை வைத்துக் கணக்கிடுங்கள். கோட்டைத் தாண்டி நிற்கும் வண்டிக்கு அபராதம் போடுங்கள். அடுத்த முறை சாலைக்குக் கோடு போட டெண்டர் விடும் மாநகராட்சி, இவற்றையும் அதே டெண்டரில் சேர்க்கட்டும்.