நாகையில் கப்பல் ஏறிய தமிழ்



வேளாங்கண்ணித் திருவிழா ஒவ்வோர் ஆண்டும் கொடியேற்றத்தோடு தொடங்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. காவி உடுத்தி நடந்து வருகிறவர்களோடு மலேசியத் தமிழ்க் குடும்பங்களும் வந்து சேரும். அவர்கள் மண்ணில் பிறந்த ஒரு பாட்டுத் தொகுப்பைப் பற்றி இம்முறை உங்களோடு பேச ஆசை.

அதன் பெயர் 'வல்லவன்'. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'யோகி பி அண்டு நட்சத்ரா' என்ற பெயரில் 2006இல் தந்த முதல் ஆல்பம். யோகி பி அதற்கு முன்பே 'பொயட்டிக் அம்மோ' குழுவில் பல மொழிகளில் ராப் பாடிப் பெயர் வாங்கியவர். அந்த வசதியான இடத்திலிருந்து இறங்கி, தமிழை நம்பி வந்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுவது அங்கேதான்.

ராப் நம் வில்லுப்பாட்டின் மறுபிறவி என்று சொல்லிப் பெருமைப்படுகிற நண்பர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின இளைஞர்களின் விருந்தில் முளைத்த கலை. அவர்கள் பெருமை அவர்களுக்கே. இந்த மூவர் செய்தது வேறு வேலை. தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிவதால், வரிக்கு வரி கடைசி ஓசை எளிதில் ஒத்துவிடும். அதில் வித்தை இல்லை. வரியின் நடுவில் எதுகையைப் புதைத்து, வல்லின எழுத்துகளைத் தாளத்தோடு மோதவிட்டு விளையாடுவதில்தான் சுவை. வல்லவனைக் கேளுங்கள், அந்தக் குறும்பு புரியும்.

அதில் எல்லோருக்கும் தெரிந்தது 'மடை திறந்து'. அதன் மூலப்பாட்டு, 'நிழல்கள்' (1980) படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. வாய்ப்புத் தேடும் ஓர் இளம் இசைக்கலைஞனின் கனவு அந்தப் பாட்டு. அதன் பல்லவியை வைத்துக்கொண்டு, இடையிடையே தங்கள் கதையைச் சொன்னார்கள் இந்த மலேசியப் பிள்ளைகள். மேட்டூர்த் தண்ணீர் எப்போது வரும் என்று கடைமடையில் காத்திருக்கும் நமக்கு அந்தத் தலைப்பே இனிக்கும்.

வல்லவன் தமிழ்நாட்டுக்கும் வந்தது. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி குரல் ஒலித்தது. 2018இல் 'காலா'வில் அவரோடு தாராவி இளைஞர்களின் ராப்பும் சேர்ந்தது. இன்று நம் தெருவில் செல்போனில் பீட் ஓடவிட்டு எழுதிப் பார்க்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் நட்சத்ரா மூவரும் மூத்த அண்ணன்மார்.

நமக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போன துறைமுகங்களில் நம் பக்கத்து நாகப்பட்டினம் முக்கியமானது. பிற்காலத்தில் 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. படிக்க வழியில்லாமல் ரப்பர் மரம் சீவப் போனவர்கள் வாழ்ந்த மண்ணில் பிறந்தவர்கள், அவர்கள் பேசிய அதே தமிழை இத்தனை வேகத்தில் பேசவைத்தார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

உங்கள் வீட்டிலிருந்து நாகையில் கப்பல் ஏறிப் போனவர்கள் இருந்தால், அவர்கள் கதையை எழுதி அனுப்புங்கள். பேரப்பிள்ளைகள் அதை ராப்பாக எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்